மூன்று தரம் கூப்பிடும் குரல்

மெலனி டீச்சரின் குரலை, அது போவதற்கு முன்னால் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். கப்பல்துறை என்கிற எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பறையில் நின்று அவள் "சமன்பாடு" என்று சொன்னால், கண்டி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கிற சனம் திரும்பிப் பார்க்கும். நான் பக்கத்து வகுப்பில் வரலாறு படிப்பிக்கிறவள். நான் கஷ்டப்பட்டு ஒல்லாந்தரைக் கோட்டைக்குள் கொண்டுவந்து விடுகிற நேரம் பார்த்து, சுவருக்கு அந்தப் பக்கத்தில் அவள் கூட்டவும் பெருக்கவும் தொடங்கிவிடுவாள்.

"மெதுவாய்க் கதையுமப்பா, என்ர ராசாக்கள் எல்லாம் பயந்து ஓடுகினம்" என்று நான் கத்துவேன்.

"உம்மட ராசாக்கள் செத்துக் கனகாலம், ஜெஸ்மின்" என்று பதில் வரும். இரண்டு வகுப்பிலும் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

மெலனி திருகோணமலை ரவுணில் பிறந்தவள். தகப்பன் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டினவர். இரைச்சலுக்குள் வேலை செய்து காது மந்தமாகிப் போன மனிதர். அவரோடு கதைத்துக் கதைத்தே மகளுக்குத் தொண்டை அப்படித் திறந்ததாம். கலியாணம் கட்டி, கணவர் நிக்கலஸ் கப்பலில் சமையல் வேலைக்குப் போன பிறகு, கணக்குக்கு ஆளில்லாத பள்ளிக்கூடம் எது என்று கேட்டு வாங்கிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தாள். மற்ற ஆசிரியைகள் இங்கிருந்து ரவுணுக்கு மாற்றம் எடுக்க ஆலாய்ப் பறப்பார்கள். இவள் எதிர்த்திசையில் வந்தாள். எனக்கு அடுத்த வளவில் குடியிருந்தாள். அவள் கத்தோலிக்கம், நான் மெதடிஸ்த். "உங்கட சுவாமிக்குக் காது கேளாதோ, இவ்வளவு சத்தமாய்ச் செபம் சொல்லுறீர்?" என்று வேலிக்கு மேலால் கேட்பேன். "உங்கட ஆக்களுக்கும் சேர்த்துத்தான் சொல்லுறன்" என்பாள்.

அந்தக் குரலில் ஒரு கரகரப்பு வந்தது. சோக்குத் தூசு என்றார் அதிபர். குளிர்த்தண்ணீர் என்றேன் நான். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன், இஞ்சி இடித்துக் கொடுத்தேன், ஒன்றும் கேட்கவில்லை. மகரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வந்த அன்று, என் குசினியில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, குரல்வளையை எடுக்க வேண்டுமாம் என்று சொன்னாள். எடுத்தால் உயிர் தங்கும், குரல் தங்காது. நான் அழுதேன். அவள் அழவில்லை.

"பதினோராம் ஆண்டுப் பிள்ளையளுக்கு ஆர் கணக்குப் படிப்பிக்கிறது?" என்று கேட்டாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. உயிர் ஊசலாடுகிற நேரத்தில் கேட்கிற கேள்வியா அது? ஆனால் அவளுக்கு வேறு கேள்வி இருக்கவில்லை.

ரவுணில் கணினி படிப்பிக்கிற பிரகலாதன்தான் வழி சொன்னார். மெலனி முன்பு ரவுணில் படிப்பித்த காலத்தில் அவளிடம் கணக்குப் படித்தவர். "குரல் இருக்கேக்கையே அதை ஏஐக்குப் பழக்கி வைப்பம் டீச்சர். பிறகு நீங்கள் எழுதுறதை அது உங்கட குரலில சொல்லும். பிள்ளையள் கேள்வி கேட்டால் உங்களைப் போலவே விளங்கப்படுத்தும்" என்றார். நான் பக்கத்தில் இருந்து, "பாட்டுப்பெட்டி" என்றேன். பிரகலாதன் நல்ல பிள்ளை, சிரித்துவிட்டுப் போனார்.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் மெலனி போனுக்கு முன்னால் இருந்து கதைத்தாள். பாடம் சொன்னாள். பிள்ளைகளின் பேர்களைச் சொன்னாள். ஏசினாள். பாராட்டினாள். எப்படிப் படிப்பிக்க வேண்டும் என்றும் அதற்குப் படிப்பித்தாள். "விடையைச் சொல்லிப்போடாதை. விடையைச் சொல்லிக் குடுக்கிறது படிப்பிக்கிறது இல்லை, பிச்சை போடுறது. முதல்ல படம் கீறச் சொல்லு. என்ன தெரியும், என்ன தெரியாது எண்டு கேள்." உயரம் கண்டுபிடிக்கிற கணக்குக்குச் சீனன்குடாவில் நிற்கிற மாவு ஆலையின் நிழலையே உதாரணமாகக் கொடுத்தாள், ஏனென்றால் எங்கள் பிள்ளைகள் எல்லாரும் அந்தக் கட்டடத்தைப் பார்த்துத்தான் வளர்ந்தவர்கள். ஒரு பிள்ளை அழுதால் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுத்தாள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் எல்லாவற்றையும் கேட்டேன். அவள் சாமான்களைப் பெட்டியில் அடுக்குகிறாள் என்றே எனக்குத் தோன்றியது.

சத்திரசிகிச்சை முடிந்து வந்தபோது அவளுடைய கழுத்தில் ஒரு துவாரம் இருந்தது. அதன் வழியாகத்தான் மூச்சு. மேலே ஒரு மெல்லிய வெள்ளைத் துணி கட்டியிருந்தாள். மூச்சு விடும்போது அந்தத் துணி உள்ளே போய் வெளியே வரும். சொல்ல வேண்டியதைச் சின்னப் பலகையில் எழுதிக் காட்டுவாள். வகுப்பில் மேசை மேல் போனை வைத்துவிட்டுக் கரும்பலகையில் எழுதுவாள். போன் பேசும். அதே குரல். அதே "மண்டையைக் கொஞ்சம் பாவியுங்கோ பிள்ளை". முதல் நாள் சுவருக்கு அந்தப் பக்கத்தில் இருந்து அது கேட்டபோது, எனக்குக் கையில் இருந்த சோக்கு விழுந்துவிட்டது.

சும்மா சொல்லக்கூடாது, வகுப்பு நடந்தது. நன்றாகவே நடந்தது. அவளை மேசை வேலைக்கு மாற்றலாமா என்று யோசித்த அதிபரும் யோசனையை விட்டுவிட்டார்.

எங்கள் பக்கத்தில் பொழுதுபட்டால் யானை இறங்கும். அதனால் பின்னேர வகுப்பு வைக்க ஏலாது. சோதினை வருகிறது, பிள்ளைகள் வீட்டில் கணக்குச் செய்ய வேண்டும். அதற்கும் பிரகலாதன் ஒரு ஒழுங்கு செய்தார். பொழுது மங்குகிற மைம்மல் நேரத்தில் ஒவ்வொரு வீட்டிலும் போன் தானாகவே பிள்ளையின் பேரைச் சொல்லிக் கூப்பிடும். பிள்ளை "ஓம் டீச்சர்" என்றால் பாடம் தொடங்கும்.

முதல் கிழமை ஒரு பிள்ளையும் பாடம் செய்யவில்லை. போனைத் திறந்து பார்த்தால் எல்லாப் பேருக்கும் நேராகப் பதில் இல்லை, பதில் இல்லை என்று கிடந்தது. மெலனிக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. கரும்பலகை நிறைய எழுதினாள்: "நான் தொண்டையை அறுத்துக்கொண்டு வந்து உங்களுக்குப் படிப்பிக்கிறேன். உங்களுக்கு ஓம் என்று சொல்ல வாய் வலிக்கிறதா?" வகுப்பு குனிந்தபடி இருந்தது. கடைசியில் யதுர்சிகா எழும்பினாள். நாங்கள் குடியிருக்கிற சின்ன ஒழுங்கைத் தெருவின் கடைசி வீட்டுப் பிள்ளை, கணக்கில் கெட்டிக்காரி, பயந்த சுபாவம்.

"டீச்சர், நீங்கள் ஒருக்காத்தானே கூப்பிட்டனீங்கள்" என்றாள்.

இதைக் கேட்டதும் நான் வாசலில் நின்று விழுந்து விழுந்து சிரித்தேன். எங்கள் ஒழுங்கையில் பொழுதுபட்ட பிறகு ஆர் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் மூன்றாம் தரம் கூப்பிடும்வரை வாய் திறக்கக்கூடாது. தாய்ப்பாலோடு ஊட்டி வளர்க்கிற சட்டம் அது. பேய்க்கு மூச்சில்லை, ஒரு தரம், மிஞ்சினால் இரண்டு தரம் கூப்பிடும், மூன்றாம் தரம் கூப்பிட மூச்சுள்ள மனிதருக்குத்தான் ஏலும் என்பார்கள். பதில் சொன்னால் கூப்பிட்டதோடு போக வேண்டியதுதான். கிராம உத்தியோகத்தர்கூட மைம்மலில் வந்தால் வாசல் படலையில் நின்று மூன்று தரம் கூப்பிட்டுவிட்டுத்தான் இருமுவார். ரவுணில் பிறந்த மெலனிக்கும் பிரகலாதனுக்கும் இது எங்கே தெரியும்? பிரகலாதன் தலையைச் சொறிந்துகொண்டு, மூன்று தரம் கூப்பிடும்படி அதைத் திருத்தினார். அடுத்த நாள் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் "ஓம் டீச்சர்" என்றார்கள்.

அந்தக் கிழமை நானும் மெலனியும் மைம்மலில் ஒழுங்கையால் நடந்து போனோம். ஒரு வீட்டைக் கடக்கும்போது மெலனியின் குரல் ஒரு பேரைக் கூப்பிட்டது. அடுத்த வீட்டில் அதே குரல் இன்னொரு பேரைக் கூப்பிட்டது. எதிர்வீட்டில் அவள் கோணம் அளந்துகொண்டிருந்தாள். அதற்கு அப்பால் ஆரையோ பாராட்டிக்கொண்டிருந்தாள். ஒழுங்கை முழுக்க மெலனி. என் பக்கத்தில் நடந்த மெலனியிடம் கழுத்துத் துணி அசைகிற சத்தம் மட்டும்தான். முதலில் அவள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பாக இருந்தது. போகப் போக எனக்கு முதுகு கூசத் தொடங்கிற்று.

யதுர்சிகாவின் தாய் பாக்கியரத்தினம் படலையடியில் விறகு அள்ளிக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து மூன்று தரம் குரல் வந்தது. "ஓம் டீச்சர், இந்தா வாறாள், முகம் கழுவுறாள்" என்று அவள் வீட்டைப் பார்த்துச் சொன்னாள். டீச்சர் அவளுக்குக் கையெட்டும் தூரத்தில் ஒழுங்கையில் நின்றுகொண்டிருந்தாள். பாக்கியரத்தினம் எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, விறகோடு உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நான் கவனிக்கத் தொடங்கினேன். வகுப்பில் பிள்ளைகள் போனைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்கள். பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய், "நேற்று என்ர பிள்ளை அழேக்க எவ்வளவு ஆறுதலாய்க் கதைச்சனீங்கள் டீச்சர், கோயில்ல உங்களுக்காக விளக்கு வைச்சனான்" என்று சொல்லிக் கையைப் பிடித்தாள். மெலனிக்கு அந்தப் பிள்ளை அழுததே தெரியாது. ஆனால் அவள் ஒவ்வொரு நாளும் விடிய எழும்பி, முதல் நாள் பின்னேரம் அது பிள்ளைகளுக்குச் செய்துகாட்டிய கணக்கை எல்லாம் வாசித்து, பிழையைத் திருத்துவாள். அந்த வேலையில் ஒரு நாளும் குறை வைக்கவில்லை.

"உமக்குப் பயமாய் இல்லையோ?" என்று கேட்டேன்.

"நல்லாய்ப் படிப்பிக்குது. ஏன் பயம்?" என்று எழுதினாள்.

நிக்கலஸ் கப்பலில் இருந்து கூப்பிட்டால் மட்டும் அந்தக் குரலை எடுக்கமாட்டாள். கமராவில் முகத்தைக் காட்டிக் கையால் கதைப்பாள். ஒரு தரம் அவர் அந்தக் குரலைக் கேட்க வேண்டும் என்று கெஞ்சினதும், இவள் போனை வைத்துவிட்டதும் எனக்குத் தெரியும்.

ஒரு நாள் பின்னேரம் உடுப்பு எடுக்கப் பின்வளவுக்குப் போனேன். மெலனியின் குசினிக்குள் இருந்து ஒரு சத்தம் வந்தது. கிணற்றுக்குள் விழுந்த ஏதோ ஒன்று ஏற முடியாமல் முனகுவதுபோல இருந்தது. நாய் என்று நினைத்தேன். பிறகு பேரல் தண்ணீருக்குள் தவளை என்று நினைத்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று என்னை நானே ஏசிக்கொண்டு, வேலிப் பொட்டு ஓட்டையால் எட்டிப் பார்த்தேன். மெலனி கண்ணாடிக்கு முன்னால் நின்று காற்றை விழுங்கினாள். கழுத்து நரம்பு புடைக்க வாயைத் திறந்தாள். அந்தச் சத்தம் அவளிடமிருந்துதான் வந்தது.

நான் உள்ளே போனதும் அவள் வெட்கப்பட்டாள். பிறகு எழுதினாள். மகரகமவில் ஒரு பெண் இந்தப் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். காற்றை விழுங்கி, சாப்பிட்டபின் ஏவறை விடுவதுபோல வெளியே விட்டால் அதில் ஒரு சொல் வரும். இரண்டு எழுத்துக்கு மேல் தாங்காது. ஒரு தரம் விட்டால் அடுத்த தரத்துக்கு நேரம் எடுக்கும்.

"ஏன் இந்தப் பாடு? அதுதான் போன் இருக்கே" என்றேன். எரிச்சலில்தான் கேட்டேன்.

அவள் பலகையைத் துடைத்துவிட்டுப் பெரிதாக எழுதினாள்: "கணக்கை அது சொல்லட்டும். என் பிள்ளைகளின் பேரை நான் கூப்பிட வேண்டும். விடுமுறை முடிந்து புதுத் தவணை தொடங்கும் முதல் நாள் வரவு இடாப்பை நானே கூப்பிடுவேன்."

அவளுக்கு இனி வாழ்க்கையில் வேண்டியது அது ஒன்றுதான் என்று அவளுடைய முகம் சொன்னது. அன்று தொடக்கம் ஒவ்வொரு நாளும் வேலிக்கு இந்தப் பக்கம் இருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டேன். விடுமுறை முடிய முன்னம் அது ஒரு சொல்லாகிவிட்டது. யது. பிள்ளைகளின் பேர்கள் எல்லாம் இந்தக் காலத்தில் ரயில்பெட்டி நீளத்தில் இருக்கின்றன. யதுர்சிகாவை மட்டும்தான் எல்லாரும் யது என்று கூப்பிடுவார்கள். அவளுடைய மூச்சுக்குள் அடங்கின ஒரே பேர் அது.

தவணை தொடங்க முதல் அதை ஒரு தரம் பரீட்சித்துப் பார்க்க வேண்டும் என்று எழுதினாள். பகலில் போவோம் என்றேன். பகலில் யது தாயோடு வயலுக்குப் போய்விடுகிறாள், மைம்மலில்தான் வீட்டில் இருப்பாள் என்று எழுதிக் காட்டினாள். இரண்டு பேரும் படித்த ஆட்கள். இரண்டு பேருக்கும் ஒழுங்கையின் சட்டம் தெரியும். ஆனாலும் எங்கள் மண்டையில் அந்த நேரம் அது ஏறவில்லை. அவளுக்குப் பேர் வாயில் வந்துவிட்ட சந்தோசம், எனக்கு அவளுடைய சந்தோசம்.

ஒழுங்கையின் கடைசி வீடு. அதற்கு அப்பால் பற்றைக் காடு. காட்டுக்குள் வெள்ளைக்காரன் விட்டுப்போன பழைய எண்ணெய்த் தாங்கிகள். படலையில் போய் நின்றபோது உள்ளே குரல் கூப்பிட்டது. "யதுர்சிகா. யதுர்சிகா. யதுர்சிகா."

"ஓம் டீச்சர்."

"முதல்ல படத்தைக் கீறுங்கோ பிள்ளை. என்ன தெரியும், என்ன தெரியாது?"

மெலனி என்னைப் பார்த்துப் புன்னகைத்தாள். படலையைப் பிடித்துக்கொண்டு காற்றை விழுங்கினாள்.

"யது."

சொல் சரியாகத்தான் வந்தது. ஆனால் அந்த மங்கலில், பற்றைக் காட்டு ஓரத்தில், முகம் தெரியாமல் கேட்டால் அது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் கையில் மயிர் எல்லாம் எழும்பி நின்றது. நான் பக்கத்தில் நிற்கிறவள். அது ஆர் என்று தெரிந்தவள்.

உள்ளே சத்தம் அடங்கிற்று. விளக்கு அணைந்தது.

"வாயைத் திறக்காதை!" என்று பாக்கியரத்தினம் அடிக்குரலில் சொன்னது கேட்டது.

மெலனி மறுபடியும் காற்றை விழுங்கினாள். வாய் திறந்தது, தொண்டை அடைத்துக்கொண்டது. கழுத்துத் துணி மட்டும் படபடவென்று அடித்தது. இரண்டாம் தரம் வரவில்லை. நான், "பாக்கியமக்கா, இது நாங்கள்..." என்று தொடங்கினேன். மெலனி என் வாயைப் பொத்தினாள். அடுத்தவள் வாயால் சொல்லி அவள் அந்தப் படலைக்குள் போக மாட்டாள் என்று எனக்கு விளங்கிற்று.

இருட்டுக்குள் இருந்து பிள்ளை மெல்லக் கதைத்தாள். தாயோடு அல்ல. போனோடு.

"டீச்சர், வெளியில ஏதோ என்ர பேரைச் சொல்லிக் கூப்பிடுது. எனக்குப் பயமாய் இருக்கு."

மெலனியின் குரல் பதில் சொன்னது. தெளிவாக, ஆதரவாக, எங்கள் பள்ளிக்கூடமே கேட்டு வளர்ந்த அந்தக் குரல்.

"பயப்படாதீங்கோ பிள்ளை. நான் இருக்கிறன். கதவைப் பூட்டிப்போட்டு அம்மாவோட இருங்கோ. வெளியில போகாதீங்கோ."

தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு யன்னல் இடுக்கால் ஒரு கை வந்து, பேயை விரட்ட உப்பை அள்ளி வீசியது. அது மெலனியின் முகத்திலும் நெஞ்சிலும் கழுத்துத் துணியிலும் பட்டுச் சிதறியது. நான் அவளை இழுத்துக்கொண்டு வந்தேன். வழிநெடுக மற்ற வீடுகளில் அவள் கணக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

வீட்டுக்கு வந்து துணியை மாற்றிக் கழுவிவிட்டேன். துவாரத்தைச் சுற்றி உப்புப் பட்டுச் சிவந்திருந்தது. எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "நாளைக்கே அந்தச் சனியனை அழிக்கச் சொல்லும். உம்மட குரலைத் திருடி, உம்மையே வெளியில விட்டுக் கதவைப் பூட்டுது" என்று கத்தினேன்.

அவள் பலகையை எடுத்து எழுதினாள்: "அது சொன்னது சரி. நான் உள்ளே இருந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். நான்தான் அதை அப்படிப் பழக்கினேன்."

அவளுடைய தலைமயிரில் இன்னும் உப்புக்கல் மின்னிக்கொண்டிருந்தது. பலகையைத் துடைத்துவிட்டு இன்னொரு வரி எழுதினாள்: "பேர் கூப்பிடுகிற வேலையைத்தான் கொடுத்திருக்கக்கூடாது."

பிரகலாதன் வந்தார். நடந்ததைக் கேட்டு அவருடைய முகம் வெளுத்துவிட்டது. முழுக்க நிறுத்திவிடட்டுமா என்று அவரே கேட்டார். மெலனி வேண்டாம் என்று கடுமையாகத் தலையாட்டினாள். பிள்ளைகளுக்குக் கணக்கு விளங்கத் தொடங்கியிருக்கிறது, அதைக் கெடுக்கக்கூடாது. ஆனால் இனி அது ஒருவரையும் கூப்பிடக்கூடாது. பிள்ளை முதலில் கேட்டால் மட்டும் பதில் சொல்ல வேண்டும். பிரகலாதன் வீடு வீடாகப் போய் எல்லாப் போனிலும் மாற்றினார். படலையில் நின்றது ஆர் என்று ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று மெலனி எங்கள் இரண்டு பேரிடமும் சத்தியம் வாங்கினாள். ஒழுங்கையில் கதை பரவத்தான் செய்தது. எண்ணெய்த் தாங்கிப் பக்கத்தால் ஒன்று வந்து பாக்கியத்தின் பிள்ளையைக் கூப்பிட்டதாம், டீச்சர்தான் காப்பாற்றினவவாம். அதைக் கேட்டுக்கொண்டு நான் பல்லைக் கடித்தேன்.

தவணை தொடங்கியது. நான் என் வகுப்பை வாசிக்கச் சொல்லிவிட்டு, அடுத்த வகுப்பு வாசலில் போய் நின்றேன். மெலனி போனைக் குப்புற வைத்தாள். இடாப்பைத் திறந்தாள். பிள்ளைகள் வழக்கம்போலப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் காற்றை விழுங்கினாள்.

"யது."

வகுப்பு உறைந்துபோயிற்று. முன்வரிசையில் ஒரு பெடியன் கதிரையோடு பின்னால் நகர்ந்தான். யதுவின் முகத்தில் இரத்தம் இல்லை. அவள் அந்தச் சத்தத்தை அறிந்துகொண்டாள். கண்ணை அகல விரித்து டீச்சரைப் பார்த்தாள், கழுத்துத் துணியைப் பார்த்தாள், அது உள்ளே போய் வெளியே வருவதைப் பார்த்தாள். மெலனி மறுபடியும் வாய் திறந்தாள். வரவில்லை. காற்று மட்டும் துணியை அடித்தது. கண் கலங்கிற்று. இந்தப் பிள்ளை இப்போது வாய் திறக்காவிட்டால் மெலனி இனி எந்தக் காலத்திலும் வாய் திறக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

யது எழும்பினாள். மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஓம் டீச்சர்" என்றாள். பிறகு, "அண்டைக்கு எங்கட படலையில நிண்டது நீங்களோ?" என்று கேட்டாள்.

மெலனி ஓம் என்று தலையை ஆட்டினாள்.

பிள்ளை அழத் தொடங்கிவிட்டாள். "ஒருக்காத்தானே டீச்சர் கூப்பிட்டனீங்கள்" என்றாள். முன்பு அதே வசனத்தைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தவள் நான்.

அன்று இடாப்புக் கூப்பிட ஒரு பாடவேளை முழுக்கப் போயிற்று. ஒரு பேருக்கும் அடுத்த பேருக்கும் இடையில் மெலனி மூச்செடுத்தாள். நீளமான பேர்களை எல்லாம் இரண்டு எழுத்தாக வெட்டினாள். பாதிப் பேர் விளங்கவே இல்லை. அவள் விரலால் காட்ட, பிள்ளைகள் எழும்பினார்கள். ஒருவரும் இரண்டாம் தரம் கூப்பிட விடவில்லை. அதன் பிறகு போனை நிமிர்த்தி வைத்தாள். அது கேத்திரகணிதம் படிப்பித்தது.

இப்போதும் அப்படித்தான். பின்னேரத்தில் பிள்ளைகள் கேட்டால் போன் சொல்லிக் கொடுக்கிறது. போன சோதினையில் எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கில் தவறினவர்கள் நன்றாகக் குறைவு. அந்தப் பாட்டுப்பெட்டியை நானும் இப்போது வரலாற்றுக்குப் பழக்கிக்கொண்டிருக்கிறேன், ஆனால் என் குரலை அதற்குக் கொடுக்க மாட்டேன் என்று பிரகலாதனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். பாக்கியரத்தினம் ஒரு நாள் தோடம்பழப் பையோடு வந்து மெலனியின் விறாந்தையில் நின்று அழுதாள். மெலனி அவளுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

போன மாதம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். மழை விட்ட ஒரு மைம்மலில் நானும் மெலனியும் ஒழுங்கையால் நடந்து கடைசி வீட்டடிக்கு வந்துவிட்டோம். யதுவின் வீட்டில் விளக்கு எரிந்தது. அப்போது பற்றைக் காட்டுப் பக்கத்தில் இருந்து அந்தக் குரல் வந்தது. நிறைந்த குரல், பழைய மெலனியின் குரல்.

"யதுர்சிகா. யதுர்சிகா. யதுர்சிகா."

பிரகலாதன் மாற்றாமல் விட்ட பழைய போன் ஒன்று எங்கேயாவது கிடந்திருக்கும். எண்ணெய்த் தாங்கிகளில் பட்டுச் சத்தம் திசைமாறி வந்திருக்கும். அவர் அப்படித்தான் சொன்னார், பிறகு வந்து தேடியும் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. அந்த நேரம் எனக்கு இந்த நியாயம் ஒன்றும் தோன்றவில்லை. மெலனியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவளுடைய கையும் குளிர்ந்திருந்தது.

வீட்டுக்குள் ஒரு சத்தமும் இல்லை. மூன்று தரம் முழுதாகக் கூப்பிட்டும் பிள்ளை வாய் திறக்கவில்லை.

மெலனி என் கையை விடுவித்தாள். படலையடிக்குப் போனாள். காற்றை விழுங்கினாள்.

"யது."

"ஓம் டீச்சர்!" என்றபடி பிள்ளை கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள்.